அறுபத்திரண்டாவது வாரம்

மூடி வைக்காதம்மா, நீ பாட்டுக்குப் படி. பக்கத்துல ஒருத்தி வந்து உக்காந்ததும் புஸ்தகத்த மூடுற பழக்கமே தப்பு. படிக்கிறவங்கள தொந்தரவு பண்ற ஆளு நான் கெடையாது. உன் பைய மட்டும் கொஞ்சம் தள்ளிக்கோ. என் பையில கனமா ஒண்ணு இருக்கு. கீழ வைக்க மாட்டேன், மடியிலதான் வச்சுக்குவேன்.

திருநெல்வேலியா? நானும்தான். அங்க எறங்கி பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ் புடிக்கணும்.

அது என்ன, பக்கத்த முனையில மடிச்சு வச்சிருக்க? படிச்ச புள்ளதானே நீ? இந்தா, இந்த அட்டைய வச்சுக்கோ. இன்னொண்ணும் வச்சுக்கோ. இருநூறு அட்டை அடிச்சோம், நூத்தி அறுபது அப்படியே கெடக்கு. ஏன் கெடக்குன்னு கேளு. படத்துல இருக்கிறது முத்துநங்கையாம். பூநங்கை படம் போட்டிருந்தா எல்லாரும் அள்ளிட்டுப் போயிருப்பாங்களாம். ஊரே ஒரு துரோகி பின்னால நிக்குதுன்னா நான் என்ன பண்ண முடியும், சொல்லு.

உனக்கு ஒண்ணும் புரியல. புரியாது. நீ 'வேங்கைமதில்' படிச்சிருக்கியா? இல்லயா? சரி, அது உன் குத்தம் இல்ல, வளத்தவங்க குத்தம்.

என் பேரு பிரேமாவதி. ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா சேந்து, முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு கவுண்டர்ல உக்காந்து ரிட்டயர் ஆனவ. வேங்கைமதில் வாசகர் வட்டத் தலைவி. தலைவின்னு இப்ப சொல்லக் கூடாதோ என்னமோ. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி வரைக்கும் தலைவி.

கதைய ரெண்டே வரியில சொல்லிடுறேன், நீ அப்புறம் படி. வேங்கைமதில்ங்கிறது ஒரு கோட்டை. ராஜா செத்துட்டாரு, ரெண்டு பொண்ணு. மூத்தவ முத்துநங்கை. எதிரி படை வெளிய சுத்தி வளைச்சு நிக்குது. இவ என்ன பண்றா, ஏழு வாசலையும் இழுத்துப் பூட்டி, சாவிக் கொத்த இடுப்புல சொருகிக்கிட்டு, மதில் மேல ஏறி நிக்கிறா. தூங்கல, ஒக்காரல. எல்லாம் யாருக்காக? உள்ள இருக்கிற சனங்களுக்காக. இளையவ பூநங்கை இருக்காளே, அவ அக்கா கண்ணசந்த நேரம் பாத்து சாவிய உருவி வடக்கு வாசலத் தொறந்து விட்டுடுறா. கோட்டை போச்சு. முத்துநங்கை காட்டுக்குப் போயிடுறா. சாகுற வரைக்கும் தங்கச்சி முகத்துல முழிக்கவே இல்ல.

ஏன் தொறந்தான்னு கேக்குறியா? காரணமே கெடையாது. அதாம்மா எழுத்து! அறுபத்தோராவது வாரம் அவ சாவியத் தொடுறதோட முடியுது. அடுத்த வாரம் எடுத்தா கோட்டை எரிஞ்சுக்கிட்டு இருக்கு. துரோகத்துக்கு எதுக்கு விளக்கம்னு எழுதினவர் விட்டுட்டாரு. அம்பது வருசமா நான் அத நெனச்சு நெனச்சு வியந்திருக்கேன்.

அம்பது வருசம் ஆச்சு, ஆமா. நான் பத்தாவது படிக்கும்போது அது வாரப் பத்திரிகையில தொடர்கதையா வந்துச்சு. வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் அம்மா முதல்ல வாசிப்பா, சத்தமா. நானும் என் தங்கச்சியும் ரெண்டு பக்கமும் உக்காந்து கேப்போம். நடுவுல ஒரு மாசம் அம்மை வந்து நான் ஆச்சி வீட்டுல கெடந்தேன், அந்த வாரங்கள மட்டும் அப்புறம் பைண்டுலதான் படிச்சேன். தெருவுல எல்லா வீட்டுலயும் அந்தக் காலத்துல தொடர்கதையக் கிழிச்சு பைண்டு பண்ணி வைப்பாங்க, ஆனா அம்மா மாதிரி யாரும் பண்ணல. கத்தரிக்கோலால ஓரத்த நேரா வெட்டுவா. விளம்பரத்த வெட்டிடுவா. முன்கதைச் சுருக்கத்தயும் வெட்டிடுவா, முன்கதைதான் நம்மகிட்டயே இருக்கேன்னு. மேல மூலையில நீலப் பென்சிலால வாரத்தோட நம்பரப் போட்டு, ட்ரங்குப் பெட்டியில அடுக்குவா. கதை முடிஞ்சதும் பைண்டிங். சிவப்புக் காலிகோ அட்டை. அதுதான் இந்தப் பையில இருக்கு. தொட்டுப் பாக்குறியா? கை சுத்தமா இருக்கா? பரவால்ல, வேண்டாம்.

புஸ்தகமா கடையில வந்தத நான் வாங்கவே இல்ல. தொடர்கதையா வந்ததுதான் அசல். புஸ்தகம் போடுறவங்க அவங்க இஷ்டத்துக்கு வெட்டுவாங்க, ஒட்டுவாங்க. வட்டத்துல என்ன சந்தேகம் வந்தாலும் என் பைண்டுதான் தீர்ப்பு. அத யாரும் இதுவரைக்கும் எதுத்துப் பேசினதில்ல. அதுக்குன்னு நான் யாரையும் மெரட்டுறவ கெடையாது. விதி மட்டும் கொஞ்சம் உண்டு. விதி நாலு, பூநங்கைக்கு வக்காலத்து வாங்கி யாரும் பேசக் கூடாது. அவ்வளவுதான்.

ஆங், பொன்விழா. இந்த வருசம் அம்பதாவது வருசம், ஜோரா கொண்டாடணும்னு மூணு மாசம் ஓடினேன். செயலாளர் தனுஷ்கோடி சார், பிசிக்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, தங்கமான மனுஷன், ஆனா எல்லாத்துக்கும் "பாக்கலாம் மேடம், பாக்கலாம் மேடம்"னு இழுப்பாரு. எல்லாத்தையும் நாந்தான் இழுத்துப் போட்டு செஞ்சேன். கதையில ஒரு சத்திரத்துல விருந்து நடக்கும், அதே விருந்து வைக்கணும்னேன். தினைமாவு உருண்டை, கேப்பைக் களி, பனங்கெழங்கு. பத்து வீட்டுக்குப் பிரிச்சுக் குடுத்தேன். ஒரு மகராசி பரோட்டா வாங்கிட்டு வந்து நிக்கா! கேட்டா, "சத்திரத்துல பரோட்டா இருந்திருக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க மேடம்"ங்கா. இந்தச் சனத்த வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பண்ண?

மாறுவேடம் வச்சேன். அதுதான் எனக்கு முதல் அடி. பதினோரு பூநங்கை வந்தாங்கம்மா. பதினொண்ணு! எல்லாரும் இடுப்புல ஒரு குடத்தத் தூக்கிக்கிட்டு. எதுக்கு ஆளுக்கொரு குடம்னு எனக்கு விளங்கவே இல்ல. கதையில பூநங்கைக்கும் குடத்துக்கும் என்ன சம்பந்தம்? அழகுக்கு வச்சிருக்காளுகன்னு நெனச்சுக்கிட்டேன். முத்துநங்கை ஒரே ஒரு ஆளு. யாருங்கிற? நாந்தான். அட்டைக் கிரீடம், ஜரிகைத் தாள், இடுப்புல சாவிக் கொத்து. அறுபத்தஞ்சு வயசுல வேசம் கட்டிட்டு நிக்கேன். சிரிக்காத. வேற எவளும் வரல, நான் என்ன செய்ய?

அதுக்கும் முன்னால கடிதப் போட்டி. வெளியூருக்கும் சேத்துப் பேப்பர்ல அறிவிச்சோம், கதையில வர்ற யாருக்கு வேணாலும் கடிதம் எழுதலாம். பேரு போடக் கூடாது, நம்பர் மட்டும். நடுவர் நானு. முப்பத்திநாலு கடிதம் வந்துச்சு, முப்பத்து மூணு பூநங்கைக்கு. ஒண்ணே ஒண்ணு முத்துநங்கைக்கு. பதினேழாம் நம்பர். ஆகா, நம்ம கட்சிக்கு ஒரு ஆளு கெடச்சுதேன்னு அத முதல்ல எடுத்தேன்.

கம்ப்யூட்டர்ல அடிச்சிருந்துச்சு. எனக்கு மனப்பாடமாவே இருக்கு. "அக்கா, நீ மதில் மேல நின்னு வெளிய யாரு வர்றாங்கன்னே பாத்துக்கிட்டு இருந்த. ஒரு தடவ திரும்பி உள்ள பாத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். உனக்குச் சொல்லாம சாவிய எடுத்தது என் தப்புதான். கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா? செவிலித்தாய் நாக்கு வறண்டு கெடக்கும்போது எனக்குக் குடம்தான் கண்ணுல பட்டுது, கோட்டை படல." இப்படியே போகுது. திரும்பத் திரும்பப் படிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். எழுத்து நல்ல எழுத்து. ஆனா நடுவர்னா நடுவர்தானே? செவிலித்தாய் தாகமா கெடந்தாங்கிற சம்பவமே கதையில கெடையாது. "கதையில் இல்லாத சம்பவம். தள்ளுபடி"ன்னு செவப்பு மையில எழுதிட்டேன். அதோட ஒரு பழுப்புக் கவரு வேற இணைச்சிருந்துச்சு, "தலைவிக்கு மட்டும்"னு. விதி ஆறு, இணைப்பு எதுவும் கூடாது. நான் பிரிக்கவே இல்ல. விதின்னா எனக்கும் சேத்துதான்.

சங்கரன்கோவில் வந்துட்டு போல. காப்பி வேணுமா உனக்கு? எனக்கு வேண்டாம். பஸ்ஸுல காப்பி குடிச்சா எனக்கு ஒத்துக்காது. தினைமாவு உருண்டை இருக்கு, ஆனா அது வேற ஒருத்தருக்குக் கொண்டு போறது. சரி, ஒண்ணு எடுத்துக்கோ. ஒண்ணுதான்.

எங்க விட்டேன்? வினாடி வினா. அத நடத்தினது மேகலான்னு ஒரு பொண்ணு, காலேஜ்ல வேல பாக்குறா. கேள்விய என்கிட்ட முதல்லயே காட்டுன்னேன். "தலைவியும் கலந்துக்கணும்ல மேடம், காட்டினா நல்லா இருக்காது"ன்னுட்டா. அதுவும் நியாயந்தான்னு விட்டுட்டேன். அதுதான் நான் பண்ணின தப்பு. ஏழாவது கேள்வி. "வடக்கு வாசலத் தொறந்த பூநங்கை, வெளிய சுனையில மொண்டுட்டு வந்த முதல் குடத்துத் தண்ணிய யாருக்குக் குடுத்தா?"

நான் எந்திரிச்சு, "கேள்வியே தப்பு"ன்னு சொல்ல வாயத் தொறக்கேன். மண்டபம் மொத்தமும் கத்துதும்மா, "செவிலித்தாய்க்கு!"ன்னு. நூத்தி இருபது பேரு. வரிசையில உக்காந்திருந்த வாண்டுங்க கூட கத்துச்சுங்க. பதினோரு பூநங்கையும் குடத்தத் தூக்கிக் காட்டுறாங்க. நான் ஒருத்தி மட்டும் கிரீடத்தோட நிக்கேன்.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். மேடையில ஏறி மைக்கப் புடிச்சுட்டேன். அப்படி ஒரு காட்சியே கெடையாது, புஸ்தகம் போட்டவன் சொருகினது, அசல் என் கையில இருக்குன்னேன். மேகலா நயமாத்தான் சொன்னா, "மேடம், அது அறுபத்திரண்டாவது அத்தியாயம்"னு. நான் பைண்ட விரிச்சுக் காட்டினேன். அறுபத்தொண்ணு, அதுக்கு அடுத்து அறுபத்துமூணு. நடுவுல ஒண்ணும் கெடையாது. "பாருங்க, நம்பர் போடுறதுல ஒண்ணத் தாண்டிட்டாங்க, அச்சாபீஸ்காரன் தப்பு, அவ்வளவுதான்"னேன். ஒருத்தராவது ஒத்துக்கணுமே! தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நூத்தி இருபது பேரும் நிக்கிறாங்க. கடைசில தனுஷ்கோடி சாரே வந்து, "மேடம், சாப்பாடு ஆறுது"ன்னு மைக்க மெதுவா என் கையில இருந்து உருவிட்டாரு. தங்கமான மனுஷன்னு சொன்னேன்ல. அவரே.

நான் சாப்பிடல. மூணு மணிக்குக் கிரீடத்தக் கழட்டி மேஜை மேல வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

நீ என்ன நெனைக்கிற, சொல்லு? முகத்தப் பாத்தா நீயும் அவங்க பக்கம்தான் போல இருக்கு.

எனக்கு இந்தக் கதை மேல ஏன் இவ்வளவு பிடிமானம்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. உனக்குச் சொல்றேன், நீ யாரோ எவளோ. எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு. லீலாவதி. பாளையங்கோட்டையில கட்டிக் குடுத்தது. அவளோட பேசி பதினேழு வருசம் ஆச்சு.

நான் கல்யாணம் பண்ணிக்கல. அம்மாவ நாந்தான் வச்சிருந்தேன். கடைசி ரெண்டு வருசம் அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. கதவு தொறந்திருந்தா தெருவுல இறங்கிப் போயிடுவா. ஒரு தடவ சந்தை வரைக்கும் போயிட்டா. எனக்கு டூட்டி காலையில ஆறரைக்கு, வர மூணு ஆகும். லீவு எத்தன நாள் போட முடியும்? அதனால பூட்டிட்டுப் போவேன். பாதுகாப்புக்குத்தான். நல்ல திண்டுக்கல் பூட்டு. உள்ள எல்லாம் வச்சுட்டுத்தான் போவேன். டிபன் கேரியர்ல சோறு, கூஜாவுல தண்ணி, கட்டில் பக்கத்துல இந்த பைண்டு. படிச்சுக்கிட்டு இருப்பா. பாவம், எப்பப் பாத்தாலும் ஒரே எடத்த விரிச்சு வச்சுக்கிட்டு, பக்கத்தப் பெரட்டிப் பெரட்டி, "காணோம்டி, காணோம்டி"ம்பா. மூக்குக் கண்ணாடி மூக்கு மேலதான் இருக்கும். "இங்கதாம்மா இருக்கு"ன்னு எடுத்துக் காட்டுவேன். திரும்பவும் "காணோம்டி"ம்பா. எனக்குச் சில நாள் சலிப்பாவும் இருக்கும், ஏசவும் செஞ்சிருக்கேன். யாரா இருந்தாலும் ஏசுவாங்க.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா ஒண்ணு. அவதான் வினை. லீலாவுக்குப் போன் போட்டு, "உங்கம்மா பகல் பூரா சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு தண்ணி தண்ணிங்காங்க"ன்னு சொல்லியிருக்கா. கூஜாவுல தண்ணி இருந்துச்சும்மா! அந்த மூடிய ஒரு திருகு திருகினா தொறக்கும். அம்மாவுக்கு அது மறந்து போச்சோ என்னமோ. நான் எக்ஸ்சேஞ்சுல இருக்கேன், எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மாற்றுச் சாவி லீலாகிட்ட இருந்துச்சு. ஒரு புதன்கிழமை நான் டூட்டியில இருக்கும்போது வந்து, தொறந்து, அம்மாவ கார்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டா. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. நான் மூணே காலுக்கு வந்து பாக்கேன், வீடு தொறந்து கெடக்கு. கட்டில்ல ஆள் இல்ல. அந்த நிமிசம் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? வடக்கு வாசல்தான் தோணிச்சு.

நாலு மாசத்துல அம்மா அங்கயே போயிட்டா. தகனத்துக்குப் போனேன், லீலா முகத்தப் பாக்காம வந்துட்டேன். வருசத்துல ரெண்டு தடவ போன் பண்ணுவா, நான் எடுக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவ நானு, மணி அடிக்க அடிக்கப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். முத்துநங்கை என்ன, எடுத்தாளா?

சரி, விசயத்துக்கு வர்றேன். செவ்வாக்கிழமை தனுஷ்கோடி சார் வீட்டுக்கு வந்தாரு. கொஞ்ச நாளைக்கு மேகலா வட்டத்தப் பாத்துக்கட்டும்னு கூட்டத்துல பேசிக்கிட்டாங்களாம். நான் கேட்டனா? மூணு மாசம் ஓடினவள ஓய்வெடுங்கன்னு சொல்றதுக்கு ஒரு கூட்டம்! நல்லா ரெண்டு வார்த்த ஏசி விட்டேன் அவர. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, போகும்போது அந்தப் பழுப்புக் கவர மேஜை மேல வச்சாரு. "பதினேழாம் நம்பர் கடிதத்தோட வந்தது மேடம். நான் பிரிக்கல. தலைவிக்குன்னு போட்டிருக்கு. இன்னமும் இது உங்களுக்குத்தான்"னு சொல்லிட்டுப் போனாரு.

பிரிச்சேன்.

உள்ள நாலு தாள். மஞ்சளா, தொட்டா ஒடிஞ்சிடும் போல. ஓரம் நேரா வெட்டினது. மேல மூலையில நீலப் பென்சில்ல, அம்மா கையெழுத்துல, அறுபத்திரண்டு.

ஒரு பக்கம் பூரா கலர்ப் படம். பூநங்கை, இடுப்புல குடம். கூட ஒரு துண்டுச் சீட்டு. அது கம்ப்யூட்டர் இல்ல, லீலா எழுத்து. இந்தா, நீயே பாரு. வேண்டாம், நானே சொல்றேன். "அக்கா, படம் அழகா இருக்குன்னு ட்ரங்குப் பெட்டியில இருந்து நாந்தான் எடுத்தேன், அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. பைண்டுக்குப் போனப்புறம் சொல்லப் பயந்துட்டேன். கல்யாணமாகி வரும்போது என் பெட்டியோட வந்துடுச்சு. அம்மா இங்க இருந்தப்ப 'காணோம்டி'ன்னுக்கிட்டே இருந்தா. ஒரு நாள் எனக்குப் புரிஞ்சுது. எடுத்து வாசிச்சுக் காட்டினேன். 'கெடச்சுடுச்சுடி'ன்னு சிரிச்சா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல." கீழ போன் நம்பரு. எனக்குத் தெரியாத நம்பர் மாதிரி எழுதியிருக்கா.

அப்ப யாரு திருடி? அவ எழுத்துலயே இருக்குல்ல, நாந்தான் எடுத்தேன்னு? அம்பது வருசம் என்ன முட்டாளாக்கி வச்சிருக்கா. நூத்தி இருபது பேரு முன்னால, கிரீடத்தோட! அதக் கேக்கத்தான் போறேன். நேரா அவ வீட்டுக்குப் போயி நல்லா நாலு வார்த்த கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். அப்புறம் பைண்டயும் பிரிச்சு இதச் சேத்துத் தைக்கணும். பைண்டர் ராஜபாளையத்துலயும் இருக்காங்க, ஆனா பாளையங்கோட்டைக்காரங்க கை சுத்தம்.

உருண்டையா? அது சும்மா. மிஞ்சினத வீணாக்கக் கூடாதுன்னு. சின்னதுல இருந்தே அவளுக்குத் தினைமாவுன்னா உசுரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

இன்னும் நான் படிக்கல. நாலு நாளா பையிலயே இருக்கு. கண்ணாடி... கண்ணாடி இருக்கு, நீ ஏன் அப்படிப் பாக்குற? எழுத்து பொடியா இருக்கு, பஸ்ஸு வேற ஆடுது. உனக்கு இள வயசுக் கண்ணு. மெதுவாப் புடி, ஒடிச்சிடாத. சத்தமா வாசி. எங்க வீட்டுல அத சத்தமாத்தான் வாசிப்போம். அந்த ரெண்டாவது பக்கத்துல இருந்து. ஆமா, வாசல் தொறந்தப்புறம்.

"'தாயே, அருந்துங்கள்' என்று குடத்தைச் சாய்த்தாள் பூநங்கை..." ம், வாசி.

"கிழவியின் உதடுகள் நனைந்தன. 'முத்து எங்கே?' என்று கேட்டாள்." ம்.

"'மதில் மேல் நிற்கிறாள் தாயே. தங்களைக் காக்கத்தான் பூட்டினாள். அவள் மீது குற்றமில்லை.' கிழவி மெல்லச் சிரித்தாள். 'குற்றம் யார் சொன்னது? அவள் இறங்கி வந்தால் அவளுக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடு. அவளும் இத்தனை நாள் குடிக்கவில்லை.'"

இரு. இரு, நிறுத்து.

அவளும் குடிக்கலன்னா போட்டிருக்கு? திரும்ப வாசி, அந்த வரிய மட்டும். சரி. போதும். மடிச்சிடாத, அப்படியே குடு.

இல்லம்மா, ஒண்ணும் இல்ல. சன்னல் வழியா தூசி. மானூர் தாண்டிட்டா? இந்த ரோடு எப்பவும் இப்படித்தான்.

கூஜா மூடி கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். எனக்கே சில நாள் முந்தானைய வச்சுத்தான் திருக வரும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சுட்டுப் போனேன். கொட்டிடுவாளேன்னு இறுக்கி மூடினேன். எனக்குத் தெரியாம இல்ல.

நீ ஒரு உதவி பண்ணு. உன் போன எடு. என் நம்பர்ல இருந்து போனா அவளுக்கு நாந்தான்னு தெரிஞ்சிடும். சீட்டுல இருக்கே, அந்த நம்பரப் போடு. எனக்கு மனப்பாடம், இருந்தாலும் நீ பாத்தே போடு. அவ எடுத்ததும் நீதான் பேசணும். எப்படின்னு சொல்லித் தர்றேன், கேட்டுக்கோ. கொரல ஏத்தாம, எறக்காம, ஒரே சீரா சொல்லணும். "ராஜபாளையத்துல இருந்து பிரேமாவதி லைன்ல இருக்காங்க. பேசுறீங்களா?" அவ்வளவுதான். வேற ஒரு வார்த்த சேக்கக் கூடாது. முப்பது வருசம் ஊருக்கெல்லாம் நான் சொன்னது, ஒரு தடவ கூட தப்பினதில்ல.

அவ பேசுறேன்னா என்கிட்ட குடு. வேண்டாம்னா...

வேண்டாம்னு சொன்னாலும் கட் பண்ணிடாத. நானும் பதினேழு வருசம் எடுக்கல. கொஞ்ச நேரம் லைன்லயே இருக்கட்டும். போடு.